ஒரே பில்லை இரண்டு பேர் திறந்தால்

போன மாதம் ஒரு தம்பி எனக்கு ஓர் எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார். முன்பு என்னோடு வேலை பார்த்தவர். இப்போது வேறொரு நிறுவனத்தில் மென்பொருள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். ஆர்டர், ஸ்டாக், பில்லிங், வசூல் என்று எல்லாவற்றையும் புதிதாக எழுதப் போகிறார்களாம். அதற்கு எந்த டேட்டாபேஸ் டூலை எடுப்பது என்று நான்கைந்தை ஒப்பிட்டு மார்க் போட்டிருந்தார். "ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்கண்ணே, வெள்ளிக்கிழமை மீட்டிங்" என்று கீழே ஒரு வரி. ஷீட்டைத் திறந்தேன். 84 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எடை, ஒவ்வொரு டூலுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க், கடைசியில் கூட்டுத்தொகை, ஜெயித்ததற்குப் பச்சை நிறம். பாதி படிக்கும்போதே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. 37-வது வரிக்கு வந்ததும் புரிந்துவிட்டது. அங்கே 'ரிப்போர்ட்' என்பது 'ரிப்போட்' என்று இருந்தது. அந்த ஓர் எழுத்தை விழுங்கியவன் நான்தான். பல வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட ஷீட், கைமாறிக் கைமாறி என்னிடமே அபிப்பிராயம் கேட்டு வந்து நிற்கிறது.

அந்த ஷீட்டை நான் எப்படிப் போட்டேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதல் தடவை கூட்டிப் பார்த்தபோது, எங்களுக்கெல்லாம் பிடித்திருந்த டூல் 9 மார்க் பின்தங்கி இரண்டாவதாக வந்தது. அறையில் ஒரு சங்கடமான அமைதி. அப்புறம் யாரோ ஒருவர், 'பயன்படுத்த எளிமை' என்ற வரிக்கு எடை 3 என்பது கொஞ்சம் குறைவாக இல்லையா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். 5 ஆக்கினேன். அந்த வரியில் எங்கள் செல்லப்பிள்ளைக்கு 8, மற்றதற்கு 3. எடையில் 2 கூடினால் 10 மார்க் வித்தியாசம். ஆக, 1 மார்க்கில் ஜெயித்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மனசு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. ஷீட் சாட்சிக் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். கீழே நிஜக் கையெழுத்து என்னுடையது.

ஒரு மணி நேரத்தில் காட்டக்கூடியது

எங்களுக்கு அந்த டூல் ஏன் அவ்வளவு பிடித்தது என்றால், டெமோ அப்படி. விற்க வந்தவர் காலியான திரையைத் திறந்தார். வாடிக்கையாளர் என்று ஒரு டேபிள் (தகவல்களை வைக்கும் அட்டவணை), அதில் பெயர், முகவரி மாதிரி ஆறு ஃபீல்டு. அதைச் சுட்டியால் இழுத்து நடுவில் போட்டார். பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் வரிசையாக உட்கார்ந்த ஒரு ஃபார்ம் தானாக வந்தது. தேடும் பெட்டி, சேவ் பட்டன், அச்சடிக்கும் பட்டன் எல்லாம் சேர்த்து. மொத்தம் நாலு நிமிஷம். நாங்கள் அப்போது கையால் எழுதிக்கொண்டிருந்த ஒரு ஃபார்முக்கு இரண்டு நாள் ஆகும். பின் வரிசையில் ஒருவர் நிஜமாகவே கை தட்டினார்.

இப்போது யோசித்தால், அந்த நாலு நிமிஷத்தில் புதிதாக ஒன்றுமே இல்லை. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப் எழுதி, 1980-களின் தொடக்கத்தில் ஆஷ்டன்-டேட் நிறுவனம் விற்ற டிபேஸ் என்ற டேட்டாபேஸ் டூலிலேயே இது உண்டு. வெறும் புள்ளி ஒன்று மின்னும் திரையில் 'கிரியேட்' என்று அடித்து ஃபீல்டுகளைச் சொல்லிவிட்டு, 'அப்பெண்ட்' என்று அடித்தால், நிரப்புவதற்குத் தயாராக ஒரு ஃபார்ம் வந்து நிற்கும். அதற்குப் பிறகு கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ, பாரடாக்ஸ், 1992-ல் மைக்ரோசாஃப்டின் ஆக்செஸ், அந்தப் பக்கம் பவர்பில்டர், ஆரக்கிள் ஃபார்ம்ஸ். 2014-ல் ஃபாரெஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் இந்த வகைக்கெல்லாம் 'லோ-கோட்' (குறைவான நிரல்) என்று புதுப் பெயர் சூட்டியது. பெயர்கள் மாறினாலும் டெமோ மாறவில்லை: ஒரு டேபிள், ஓர் இழுப்பு, ஒரு ஃபார்ம், ஒரு கைதட்டல். முதல் ஃபார்ம் சீக்கிரம் வருவதில் எனக்கு வருத்தமில்லை. வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் காட்ட முடிவது அது ஒன்றுதான் என்பதால், நாங்கள் அளந்ததும் அதை மட்டும்தான். 84 வரிகளில் எத்தனை வரிகள் அந்த முதல் மணி நேரத்தைப் பற்றியவை என்று தம்பியின் ஷீட்டை வைத்து இந்தத் தடவை எண்ணிப் பார்த்தேன். 61.

அக்கா கேட்ட கேள்வி

மூன்றாம் நாள், சோதனைக்காகத் தந்த பதிப்பைப் பயனாளர்களுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. பில்லிங்கிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். இருபது வருஷமாகப் பேரேடும் பில் புத்தகமும் அவர் கையில்தான். எல்லோரும் நிறத்தையும் எழுத்தின் அளவையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. எழுந்து போகும் நேரத்தில் கேட்டார்: "தம்பி, நானும் ஸ்டோர்ல இருக்கறவரும் ஒரே பில்லை ஒரே நேரத்துல திறந்தா என்ன ஆகும்?"

விற்க வந்தவர் சிரித்த முகத்தோடு, "மல்டி-யூசர் சப்போர்ட் இருக்கு மேடம், எத்தனை பேர் வேணும்னாலும் வேலை பாக்கலாம்" என்றார். எங்கள் ஷீட்டிலும் அது 22-வது வரி. 'மல்டி-யூசர்: உண்டு. 10/10.'

"எத்தனை பேர்னு கேக்கலை தம்பி. ரெண்டு பேர் கை ஒரே இடத்துல பட்டா என்னன்னு கேக்கறேன். நோட்டா இருந்தா ஒருத்தர் எழுதி முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் பக்கத்துல நிப்போம். இதுல யாரு நிப்பா?"

தொழில்நுட்பக் குழுவிடம் கேட்டுச் சொல்வதாக அவர் எழுதிக்கொண்டார். பதில் வரவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, சக ஊழியர் ஒருவரும் நானும் இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டிலும் ஒரே பில்லைத் திறந்தோம். இடது பக்கம் நான்: எண்ணிக்கை 12 என்று தவறாக இருப்பதாக வைத்துக்கொண்டு 21 என்று திருத்தினேன். வலது பக்கம் அவர்: டெலிவரி முகவரியை மாற்றினார். முதலில் நான் சேவ் செய்தேன். பச்சை டிக் வந்தது. அடுத்து அவர். அவருக்கும் பச்சை டிக். இரண்டையும் மூடிவிட்டுப் பில்லை மறுபடி திறந்தோம். முகவரி புதியது. எண்ணிக்கை 12.

எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை, ஒரு சத்தமும் இல்லை. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அதேதான். காரணம் எளிது. அவருடைய கணினி பில்லைத் திறந்தபோது எல்லா ஃபீல்டையும் படித்து வைத்துக்கொண்டது, அந்தப் பழைய 12 உட்பட. சேவ் செய்யும்போது அவர் தொட்ட முகவரியை மட்டும் எழுதாமல், படித்து வைத்திருந்த அத்தனையையும் திருப்பி எழுதிவிட்டது. என் 21 அதன் அடியில் புதைந்தது. பாடப்புத்தகத்தில் இதற்கு 'லாஸ்ட் அப்டேட்', அதாவது தொலைந்துபோன திருத்தம் என்று பெயர். எனக்கு அது தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் நான் செய்ததுதான் இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. 'அபூர்வமாகத்தான் நடக்கும், ஆட்களிடம் சொல்லிப் பழக்கிவிடலாம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 22-வது வரியில் இருந்த 10-ஐ 7 ஆக்கினேன். அந்த வரிக்கு எடை 1. மொத்தத்தில் 3 மார்க் குறைந்தது. வேறெங்கோ 3 மார்க் கூட்டினேன். டூல் வாங்கப்பட்டது.

எட்டாவது மாதம் ஸ்டாக் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. திரையில் இருப்பது ஒன்று, அலமாரியில் இருப்பது ஒன்று. பெரிய வித்தியாசம்கூட இல்லை. ஒரு பொருளில் 9, இன்னொன்றில் 4. ஆனால் எந்தப் பொருளில் வரும் என்று சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் எல்லாவற்றையும் எண்ணினார்கள். கணினி தப்பு செய்யாது என்று எல்லோரும் நம்பியதால், சந்தேகம் மனிதர்கள் பக்கம் திரும்பியது. ஸ்டோரில் இருந்தவரை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் அந்தப் பழைய சோதனையை நினைவுபடுத்திக்கொண்டு போய் விளக்குவதற்குள் மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா என்னிடம் "அன்னிக்கே கேட்டேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவர் மேஜை மேல் ஒரு நோட்டு இருந்தது. எந்த பில்லை யார் திறந்திருக்கிறார்கள் என்று அதில் எழுதிவிட்டுத்தான் மற்றவர்கள் திறக்க வேண்டும். ஆக, யார் நிற்பது என்ற கேள்விக்குப் பதிலாக நோட்டுதான் மறுபடி வந்தது. லட்சக்கணக்கில் ரெக்கார்டு (பில் மாதிரியான பதிவுகள்) தாங்கும் டேட்டாபேஸுக்கு ஒரு நூறு பக்க நோட்டு காவல்.

பழையவர்களுக்குத் தெரிந்திருந்தது

கோபம் தணிந்த பிறகு, மற்ற டூல்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று தேடிப் படித்தேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்பதுதான். 1991-ல் வந்த பவர்பில்டரில் டேட்டாவிண்டோ என்று ஒன்று உண்டு. அந்த டூலின் உயிரே அதுதான். அதில் ஒரு ரெக்கார்டைத் திருப்பி எழுதும்போது எதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று மூன்று வழி கொடுத்து நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ரெக்கார்டை அடையாளம் காட்டும் சாவி ஃபீல்டை மட்டும் பார்த்து எழுதினால் கடைசியில் சேவ் செய்தவர் வைத்ததுதான் சட்டம். மாற்றக்கூடிய எல்லா ஃபீல்டையும் பார்த்தால், நடுவில் யார் எதைத் தொட்டிருந்தாலும் எழுத்து நிராகரிக்கப்படும். நாம் மாற்றிய ஃபீல்டை மட்டும் பார்த்தால், அவர் முகவரியை மாற்றியதும் நான் எண்ணிக்கையை மாற்றியதும் ஒன்றோடொன்று மோதாமல் இரண்டும் உள்ளே போகும். கேட்க மூன்றாவதுதான் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவர் எண்ணிக்கையையும் இன்னொருவர் விலையையும் மாற்றினால், இரண்டும் உள்ளே போய், இருவருமே நினைக்காத ஒரு தொகை பில்லில் நிற்கும். எந்த வழியும் சும்மா வருவதில்லை. அந்தத் தேர்வை ஒரு திரையில் கண் முன்னால் வைத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆக்செஸ்ஸை விளையாட்டுச் சாமான் என்று கிண்டலடிப்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். நானும் அடித்திருக்கிறேன். அந்த ஆக்செஸ்கூட, நாம் திருத்திக்கொண்டிருக்கும் ரெக்கார்டை நடுவில் வேறொருவர் மாற்றிவிட்டால், சேவ் செய்யும்போது ஒரு பெட்டியைக் காட்டும். நம்முடையதையே எழுது, நம்முடையதை கிளிப்போர்டில் எடுத்து வை, நம்முடையதை விட்டுவிடு என்று மூன்று பட்டன். அழகாக இருக்காது, புதிதாகப் பார்ப்பவருக்குப் பயமாகக்கூட இருக்கும். ஆனால் சத்தம் போடும். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பளபளப்பான டூல் பச்சை டிக் போட்டது.

பூட்டு போட்டு வைக்கும் முறையும் உண்டு: ஒருவர் திறந்துவிட்டால் மற்றவருக்குத் திறக்காது. அக்காவின் நோட்டு இந்த ரகம். இதில் ஒரே தொல்லை, திறந்தவர் அப்படியே எழுந்து போய்விட்டால் அந்த பில்லும் அவரோடு போய்விடும். அதனால் இன்று பெரும்பாலும், ஒவ்வொரு ரெக்கார்டிலும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாறும் ஒரு வெர்ஷன் எண்ணை வைத்து, படிக்கும்போது இருந்த எண் எழுதும்போதும் அதுவாகவே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் எழுத்து நிற்கும். டேபிளில் ஒரு ஃபீல்டு, எழுதும் கட்டளையில் ஒரு நிபந்தனை, அவ்வளவுதான் செலவு. நீங்கள் பார்க்கும் டூல் இதைத் தானாகச் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, நாமே சேர்க்க இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையது கொடுக்கவில்லை. எழுதும் கட்டளை அதன் வயிற்றுக்குள் இருந்தது. எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லை.

இரண்டு வருஷத்தை ஒரு வாரத்துக்குள் திணிப்பது

அதற்கப்புறம் யாராவது டூலைப் பார்க்கச் சொன்னால், நான் முதல் ஃபார்மைக் கட்டுவதே இல்லை. பின்னால் வரப்போகும் நாட்களை எப்படிச் சோதனை வாரத்துக்குள்ளேயே இழுத்து வருவது என்றுதான் யோசிக்கிறேன். முதல் வேலை இரண்டு கணினிச் சோதனை. அது பதினைந்து நிமிஷம். அடுத்தது, பாதியில் ஒயரைப் பிடுங்குவது. ஒரு தலைப்பு, பதினைந்து வரிகள் என்று ஒரு பில்லை அடிக்கிறேன். எட்டாவது வரியில் கணினியை நிஜமாகவே அணைக்கிறேன். திரும்பத் திறந்தால் முழு பில்லும் இருக்க வேண்டும், அல்லது ஒன்றுமே இருக்கக் கூடாது. பல டூல்களில் கர்சர் ஒரு வரியை விட்டு நகர்ந்த உடனேயே அந்த வரி சேவ் ஆகிவிடும். ஆக்செஸ்ஸில் தலைப்புப் பகுதியிலிருந்து வரிகளை அடிக்கக் கீழே உள்ள சப்ஃபார்முக்குப் போனாலே தலைப்பு சேவ் ஆகிவிடும். டெமோவில் இது வசதியாகத் தெரியும். ஆனால் டிரான்ஸாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டிய, அல்லது முழுதாக ரத்தாக வேண்டிய ஒரு மொத்த வேலை) எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் நம் கையில் இல்லை என்பதுதான் இதன் அர்த்தம். வரியே இல்லாத தலைப்புகள் மெதுவாகச் சேர ஆரம்பிக்கும். வருஷக் கடைசியில் அதைத் துடைப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும்.

பில் எண் விவகாரம் எனக்கு ரொம்பப் பிடித்தது, காரணம் இதில் டேட்டாபேஸ் செய்வதும் சரி, ஆடிட்டர் கேட்பதும் சரி. டேட்டாபேஸ் தானாகத் தரும் வரிசை எண், ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கப்படாது. நீங்கள் பில்லை ரத்து செய்து ரோல்பேக் ஆனாலும், அதாவது எழுதியதெல்லாம் பின்வாங்கப்பட்டாலும், அந்த எண் போனது போனதுதான். திரும்ப வாங்க வேண்டுமென்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். வேகத்துக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் டேட்டாபேஸில் 2012 பதிப்பிலிருந்து, சர்வர் எதிர்பாராமல் நின்று மறுபடி ஓடினால் அடுத்த எண் ஒரே தாவாக 1000 தாண்டி வருவதுண்டு. எண்களைக் கொத்தாக எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதன் விளைவு அது. 4,117-க்கு அடுத்த பில் 5,118 என்று வந்தால் ஆடிட்டர் நடுவில் இருந்த ஆயிரம் பில் எங்கே என்று கேட்பாரா, மாட்டாரா? விடுபடாத எண் வேண்டுமென்றால், அதற்கென்று ஒரு டேபிளில் ஒரு வரி வைத்து, அதைப் பூட்டி, எண்ணை எடுத்து, பில்லோடு சேர்த்தே சேவ் செய்ய வேண்டும். கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும், அது அதற்கான விலை. இதை அந்த டூலில் செய்து காட்டுங்கள் என்று விற்க வருபவரிடம் கேட்பேன். அவர் என்ன முகத்தோடு கேட்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். இந்தப் பிரச்சினையைச் சந்தித்தவர் பெருமூச்சு விடுவார். சந்திக்காதவர் 'ஆட்டோ நம்பர் இருக்கே சார்' என்பார்.

சில சோதனைகள் அரை நிமிஷம்தான். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி, 0.3-க்குச் சமமா என்று கேட்பது ஒன்று. பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக (தசமத்தைத் தோராயமாக மட்டும் வைக்கும் முறை) வைத்திருக்கும் டூல், இல்லை என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். டெமோவில் இருபது வாடிக்கையாளர் இருப்பார்கள், நான் ஐந்து லட்சம் வரிகளை ஏற்றிவிட்டு அதே ஃபார்மைத் திறக்கிறேன். இழுத்தால் விரியும் பட்டியல்கள் பெரும்பாலும் அங்கேதான் மூச்சு வாங்கும், நாற்பதாயிரம் பெயரையும் முன்கூட்டியே ஏற்றப் பார்க்கும். டிபேஸ் காலத்து ஆட்களுக்கு இதெல்லாம் சொல்லவே வேண்டாம். அவர்கள் கணினியில் எதையும் ஏற்றுவதற்கு இடமே இருந்ததில்லை.

நேரம் பிடிப்பது மாற்றம்தான். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு முகவரி என்று கட்டிவிட்டு, ஒரு நாள் விட்டு, 'இனிமேல் பல முகவரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பதிவு எண்' என்று நாமே வந்து நிற்க வேண்டும். எத்தனை ஃபார்ம், எத்தனை ரிப்போர்ட், எத்தனை குவெரி (டேட்டாவைக் கேட்டு எடுக்கும் கட்டளை) உடைகிறது, உடைந்தது என்று டூலே சொல்கிறதா அல்லது பயனாளர்தான் வந்து சொல்ல வேண்டுமா? இந்த மாற்றத்தைச் சோதனைப் பிரதியில் செய்துவிட்டு நிஜப் பிரதிக்கு எப்படிக் கொண்டுபோவது? முந்தாநாள் இருந்த ஃபார்முக்கும் இன்றைய ஃபார்முக்கும் என்ன வித்தியாசம் என்று வரி வரியாகப் பார்க்க முடியுமா? விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் ஒரு ஃபார்மைச் சேமிக்கும் எஸ்.சி.எக்ஸ். கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு டேபிள்தான். ஃபார்மையே டேபிள் போலத் திறந்து படிக்கலாம். படிக்க வேடிக்கையாக இருக்கும், ஒப்பிடப் போனால் உயிர் போகும். இன்றைய இணைய டூல்கள் பலவற்றில் அந்த வேடிக்கைகூட இல்லை. ஃபார்ம் எங்கேயோ அவர்கள் சர்வரில் இருக்கிறது, நேற்றைய வடிவம் காற்றோடு போச்சு.

டூல் செத்த பிறகு

ஃபாக்ஸ்புரோவை உருவாக்கிய ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை மைக்ரோசாஃப்ட் 1992-ல் வாங்கியது. 2007 மார்ச்சில், விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9-க்கு அடுத்த பதிப்பு இல்லை என்று அறிவித்தது. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஃபாக்ஸ்புரோ அமைப்பை வேறு இடத்துக்கு மாற்றும் வேலை வந்தது. எழுதியவர் போய்விட்டார், ஆவணம் ஒன்றும் இல்லை. டேபிள் கோப்பு ஒன்றை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். முதலில் 32 பைட் தலைப்பு. அடுத்து ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 32 பைட், அதன் பெயர் கண்ணால் படிக்கும்படியே இருந்தது. பிறகு ரெக்கார்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே நீளத்தில். ஒவ்வொன்றின் முதல் பைட்டிலும் ஒரு வெற்றிடம். அழிக்கப்பட்டதென்றால் அங்கே ஒரு நட்சத்திரக் குறி. அழித்ததாக எல்லோரும் நம்பியிருந்த ரெக்கார்டுகள்கூட அந்த நட்சத்திரத்தின் பின்னால் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தன. மதியத்துக்குள் ஒரு சின்ன நிரல் எழுதி மொத்தத்தையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள் ஏற்றிவிட்டேன். டூல் செத்துவிட்டது, டேட்டாவுக்கு ஒரு கீறல் இல்லை.

நான்கு மாதம் பிடித்தது டேட்டாவினால் அல்ல, விதிகளினால். தள்ளுபடி எப்போது உண்டு, கடன் வரம்பு தாண்டினால் யார் அனுமதிக்கலாம், எந்தத் தேதிக்கு முந்தைய பில்லைத் திருத்தக் கூடாது என்பதெல்லாம் ஃபார்ம்களின் பட்டன்களுக்குள் சிதறிக் கிடந்தன. ஒரே தள்ளுபடி விதி மூன்று பட்டனில் மூன்று விதமாக இருந்தது. மூன்றில் எது சரி என்று கேட்டால், மூன்று பேர் மூன்றைச் சொன்னார்கள். அதிலிருந்து, ஒரு டூலைப் பார்க்கும்போது விதிகள் எங்கே குடியிருக்கும் என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. டேட்டாபேஸுக்குள்ளேயே இருந்தால் எந்த வாசல் வழியாக வந்தாலும் அது தடுக்கும். பட்டனுக்குள் இருந்தால் அந்த பட்டனை அழுத்துபவரை மட்டும்தான் தடுக்கும்.

அதனால் சோதனை வாரத்தின் முதல் நாளே வெளியேறும் ஒத்திகையையும் பார்த்துவிடுகிறேன். 'எப்போது வேண்டுமானாலும் சி.எஸ்.வி.யாக எடுத்துக்கொள்ளலாம்' என்பார்கள். காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு அது. எடுக்கலாம்தான். ஆனால் அந்தக் கோப்பில் பில்லுக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள இணைப்பு ஒரு சாவி எண்ணாக வருகிறதா, வெறும் பெயராக வருகிறதா? பெயராக வந்தால், ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில் கதை முடிந்தது. இணைத்து வைத்த ஸ்கேன்கள் வருகின்றனவா? யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறு? எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறொரு டேட்டாபேஸில் ஏற்றி, ரெக்கார்டு எண்ணிக்கையும் பில் தொகைகளின் கூட்டலும் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். பெண் பார்க்கப் போன இடத்தில் விவாகரத்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது என்று ஒரு விற்பனைக்காரர் என்னிடம் நொந்துகொண்டார்.

என் பழைய சக ஊழியர், அந்த வலது பக்கக் கணினிக்காரர், நான் மிகைப்படுத்துகிறேன் என்பார். மூன்று பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு கோப்பு 2 ஜி.பி. வரைதான் போகும் ஆக்செஸ் பதினைந்து வருஷம் பிரச்சினையில்லாமல் ஓடியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இத்தனை சோதனையும் வைத்தால் எந்த டூலும் தேறாது என்கிறார். அதுவும் சரிதான். மூன்று பேருக்கு நான்கூட அதையே சொல்வேன், ஒருவர் திறந்திருப்பது மற்றவர் காதில் விழும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாச் சோதனையிலும் தேற வேண்டும் என்பது என் ஆசை இல்லை. எதில் தேறாது என்று வாங்கும் முன்பே தெரிந்திருந்தால், ஸ்டோரில் இருந்தவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்க மாட்டார்கள்.

தம்பிக்கு அந்த ஷீட்டைத் திருத்தித் தரவில்லை. 37-வது வரியில் இருந்த எழுத்துப் பிழையை மட்டும் சரிசெய்தேன். கூடவே, இரண்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன்.

வியாழக்கிழமை ராத்திரி போன் செய்தார். "அண்ணே, பாத்துட்டோம். பச்சை கலர் போட்டு வச்சிருந்தோமே, அது சத்தமில்லாம முழுங்கிடுச்சு. ரெண்டாவதா வந்தது நல்லா மெசேஜ் குடுத்து நிறுத்துது."

"சரி. யாரு உக்காந்து பாத்தீங்க?"

"நானும் நம்ம டீம் பையனும்."

"பில் போடறவங்களை உக்கார வச்சுப் பாருங்க. என்ன பாக்கறோம்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மறுபடி போன். "மெசேஜ் வந்துச்சுண்ணே. அவங்க படிக்கவே இல்ல. வந்த வேகத்துல ஓகேவை அமுக்கிட்டு அடுத்த பில்லுக்குப் போயிட்டாங்க. திருத்தினது எதுவும் சேவ் ஆகலை, அது அவங்களுக்குத் தெரியவும் இல்ல."

"மெசேஜ்ல என்ன எழுதியிருந்துச்சு?"

ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "'ரெக்கார்டு வெர்ஷன் பொருந்தவில்லை. செயல் ரத்து செய்யப்பட்டது.'"

"ஓகேவைத் தவிர வேற பட்டன் உண்டா?"

"இல்லைண்ணே" என்றார். மீட்டிங்கை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்களாம்.